ஓடாநிலை, சங்ககிரி ஒரு நாள் வேன் பயணம்: 1,150 ரூபாய்க்குப் போகலாமா?

போகலாம். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் வேண்டாம், வழிகாட்டி சொல்லும் எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டாம், முடிந்தால் கூட ஒரு வயசான விவசாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள். இவ்வளவு போதும் என்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். மீதியெல்லாம் விவரமும் கொஞ்சம் புலம்பலும்தான்.

ஈரோட்டில் காலையில் ஏற்றிக்கொண்டு ஓடாநிலை, அறச்சலூர், நொய்யல் கரை, கடைசியாகச் சங்ககிரிக் கோட்டை என்று, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை வாழ்ந்த, சண்டை போட்ட, உயிரை விட்ட இடங்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆளுக்கு 1,150 ரூபாய், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து. நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு வழிகாட்டி என்று ஓட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆட்கள், குறையெல்லாம் நேரிலேயே சொல்லியாயிற்று, பெயரைப் போட்டுப் பிழைப்பைக் கெடுக்க மனசில்லை. இந்த மாதிரிப் பயணத்தை யார் நடத்தினாலும் பணம் கட்டும் முன்னால் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான், அப்பா, பத்தாவது படிக்கும் மகள், மூன்று பேர் போனோம். மகளுக்குச் சமூக அறிவியல் புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. அப்பாவுக்கு 74 வயசு, தோட்டத்தில் அன்றைக்குத் தண்ணி முறை இல்லை, அதனால் வந்தார்.

ஏழு மணி என்று சொன்ன வேன் ஏழே முக்காலுக்கு வந்தது. ஏசி காற்று பின் சீட்டுக்கு வரவே இல்லை. டிபன் இட்லி வடை, சூடாக இருந்தது. வண்டியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வழிகாட்டிதான் விசயம். முப்பது வயசுக்குள் இருக்கும், மைக் இல்லாமலே கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். வேன் அவல்பூந்துறையைத் தாண்டுவதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது. 1756ல் பிறந்தது, பெயர் தீர்த்தகிரி, பழையகோட்டை மன்றாடியார் குடும்பம், சிலம்பம், வில், குதிரை எல்லாம் கற்றது. (பழையகோட்டை என்றதும் அப்பா என் பக்கம் திரும்பி, "பட்டக்காரரு மாடு" என்று மட்டும் சொன்னார். காங்கேயம் மாட்டைக் கட்டிக் காப்பாற்றிய குடும்பம், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஊர் என்றால் முதலில் காளைதான் ஞாபகம் வரும், அப்புறம்தான் சுதந்திரப் போராட்டம்.) அப்புறம் அந்தப் பெயர்க் கதை. கொங்கு அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தது, வரிப்பணத்தோடு திரும்பிக்கொண்டிருந்த திவான் முகமது அலியை வழிமறித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கிற சின்னமலை எடுத்துக்கொண்டதாகச் சுல்தானிடம் போய்ச் சொல் என்று அனுப்பியது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் இவர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, எல்லோரையும் இறக்கி, சென்னிமலை எந்தத் திசை, சிவன்மலை எந்தத் திசை என்று கையை நீட்டிக் காட்டிச் சொன்னார் பாருங்கள், அதற்கே 200 ரூபாய் தனியாகக் கொடுக்கலாம். அந்தத் திவானுக்கு எசமானரான திப்புவோடு சேர்ந்தேதான் சின்னமலை பிற்பாடு கம்பெனியை எதிர்த்துச் சண்டை போட்டார் என்பதையும் விடாமல் சொன்னார். நிறையப் பேர் அதை நைசாக விட்டுவிடுவார்கள்.

குறை எங்கே என்றால் கணக்கில். ஓடாநிலையில் இறங்கியபோது கம்பெனிப் படை 5,000 பேர். அறச்சலூரில் 10,000 ஆனது. சாப்பாட்டுக்கு அப்புறம் 20,000. சங்ககிரி மலை ஏறும்போது, மூச்சு வாங்கிக்கொண்டே, 50,000 என்றார். நம் பக்கத்து ஆட்களோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் குறைந்துகொண்டே வந்தார்கள், இன்னும் இரண்டு ஊர் போயிருந்தால் சின்னமலை தனியாளாக நின்றிருப்பார். மகள் இதையெல்லாம் போனில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள், எனக்கே சாயங்காலம்தான் தெரியும்.

ஓடாநிலைக்கு வருவோம், இந்தப் பயணத்தில் உருப்படியான இடம் அதுதான். 1799 மே 4ல் சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்ததும், சின்னமலை ஊர் திரும்பி இங்கே கோட்டை கட்டினார், இடத்தை விட்டு ஓடாமல் நின்று சண்டை போட்டதால் ஓடாநிலை என்று பெயர். இப்போது அங்கே மணிமண்டபம் இருக்கிறது, கோட்டை இல்லை. கம்பெனிக்காரர்கள் பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். கோட்டை பார்க்கப் போகிறோம் என்று நினைத்து வந்தவர்களுக்குச் சப்பென்று இருக்கும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டி மண்டபத்துக்கு வெளியே நின்று அரை மணி நேரம் வீரம், வீரம் என்று பேசினார். எனக்கோ சுற்றுமுற்றும் பார்க்கப் பார்க்க வேறு ரோசனை. ஒரே சமதளம். குன்று என்று சொல்ல அறச்சலூர் மலைதான், அதுவும் தள்ளி நிற்கிறது. பெரிய படையைச் சின்னப் படை தடுக்க வேண்டும் என்றால் நிலம் கை கொடுக்க வேண்டாமா? வேனில் கோயமுத்தூரில் இருந்து வந்த ஒரு சாப்ட்வேர் தம்பி இருந்தார், அவர் தெர்மாப்பிலேயை எடுத்துவிட்டார். கி.மு. 480ல் பாரசீகப் படை கிரேக்க நாட்டுக்குள் வந்தபோது லியோனிடாஸ் அதை மூன்று நாள் நிறுத்தி வைத்தது ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே சந்து மாதிரி இருந்த வழியை வைத்துத்தான், எவ்வளவு பெரிய படை வந்தாலும் அந்தச் சந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைய முடியும், அந்த 300 பேர் கூட ஸ்பார்ட்டாக்காரர்கள் கணக்கு மட்டும்தான், மற்ற ஊர் கிரேக்கர்கள் சில ஆயிரம் பேர் கூட நின்றார்கள் என்று விளக்கிவிட்டு, "இங்க சந்து எங்கண்ணா இருக்குது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வழிகாட்டி ஒரு நொடி கூட யோசிக்காமல், "வீரம்தாங்க சந்து!" என்றார். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பாதான் மெதுவாக மகளிடம் பேச ஆரம்பித்தார். "இந்தப் பச்சையெல்லாம் அப்ப ஏது கண்ணு?" அதில் இருந்துதான் பயணமே எனக்குத் தொடங்கியது. இப்போது அந்தப் பக்கம் நாம் பார்க்கிற மஞ்சளும் கரும்பும் தென்னையும் கீழ்பவானி வாய்க்கால் கொடுத்தது, அந்தத் தண்ணீர் வந்தது 1950களில். அதற்கு முன்னால் முக்கால்வாசி மேட்டாங்காடு. கம்பு, சோளம், மீதி கொறங்காடு, அதாவது கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய்கிற நிலம். ஒவ்வொரு கொறங்காட்டையும் சுற்றிக் கிளுவை வேலி, முள்ளும் சிம்புமாகப் பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும், ஆடு கூட நுழையாது. இரண்டு வேலிக்கு நடுவே போகிற வழிதான் இட்டேரி. ஒரு மாட்டு வண்டி போனால் எதிரே இன்னொன்று வர முடியாது.

"கம்பெனிக்காரன் எத்தன பேரு வந்தாலும் வரிசையிலதான வரோணும்? பீரங்கி வண்டி இட்டேரிக்குள்ள வந்து மாட்டுச்சுன்னா திருப்ப முடியுமா? வேலிக்கு அந்தாண்ட எவன் உக்காந்திருக்கறான்னு தெரியுமா?" என்றார் அப்பா. அவருடைய அப்பாரு காலத்தில் வழிப்பறிக்காரர்களுக்கு இட்டேரி என்றால் எவ்வளவு வசதி என்பதற்கும் இரண்டு கதை சொன்னார். சாப்ட்வேர் தம்பி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சின்னமலை இட்டேரியில் வைத்துத்தான் அடித்தார் என்று நான் எங்கும் படித்ததில்லை, இது ஒரு விவசாயியின் ஊகம், அவ்வளவுதான். ஆனால் மறைந்திருந்து தாக்கித் தப்பும் கொரில்லாச் சண்டை என்று புத்தகத்தில் ஒரு வரியில் போட்டிருப்பது இந்த ஊர் மண்ணில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு முதல் முறையாகக் கண்ணில் தெரிந்தது அங்கேதான். அதைக் காசு வாங்கிய வழிகாட்டி சொல்லவில்லை, காசு கொடுத்த அப்பா சொன்னார்.

இன்னொன்று, கோட்டை என்றால் எல்லோருக்கும் கருங்கல்தான் மனசில் வருகிறது. பாளையக்காரர்களின் கோட்டைகள் பல மண்கோட்டைகள். மண் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம், பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை அவசரமாக எழுப்பிய மண்கோட்டையை 1801 மார்ச் கடைசியில் தாக்கிய கம்பெனிப் படை அடி வாங்கித் திரும்பியது, மே மாதம்தான் பிடிக்க முடிந்தது. இதையெல்லாம் நான் வழிகாட்டியிடம் கேட்டேன். "அது வேற மாவட்டம்ங்க" என்றார்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. 1800 ஜூன் 3ல் கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கப் பல பாளையக்காரர்கள் சேர்ந்து போட்ட திட்டத்தைப் பற்றி நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. விருப்பாச்சி கோபால நாயக்கர் முன்னால் நின்ற கூட்டணி அது. தனியாளாகக் கம்பெனியை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துதான் இவர்கள் கை கோத்தார்கள். திட்டம் தோற்றது, பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள், கோபால நாயக்கரையும் 1801ல் கொன்றார்கள். அதற்கு அப்புறமும் நாலு வருசம் கம்பெனிக்குத் தண்ணி காட்டியதுதான் சின்னமலையின் பெரிய சாதனை என்பேன் நான். கூட்டாளிகள் எல்லாம் விழுந்த பிறகு நிற்கிற ஆளைப் பற்றிச் சொல்லாமல், எதிரி எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன பிரயோசனம்?

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பொல்லானைப் பற்றி நன்றாகப் பேசினார். எதிரி முகாமில் இருந்து சேதி சேர்த்து அனுப்பியவர், செருப்புக்குள் வைத்து அனுப்பிய எச்சரிக்கையால்தான் ஓடாநிலையில் இருந்து முன்கூட்டியே கிளம்ப முடிந்தது, கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தபோது கோட்டை காலி என்று ஊரில் சொல்லும் கதையை விவரமாகச் சொன்னார், அது தெரிந்ததும் பொல்லானைக் கொன்றதையும் சொன்னார். பேரைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவாமல் பத்து நிமிசம் நின்று பேசினார். அதேபோலக் கருமலையில் சமையல்காரன் காட்டிக் கொடுத்த கதையை அழுகையும் சாபமுமாக இழுக்காமல் சுருக்கமாக முடித்தார். (சாப்ட்வேர் தம்பி உடனே தெர்மாப்பிலேயிலும் ஒருத்தன்தான் மலைப்பாதையைக் காட்டிக் கொடுத்தான் என்றார். அந்தத் தம்பிக்கும் கூலி கொடுத்திருக்க வேண்டும்.)

மதியச் சாப்பாடு அறச்சலூரில் ஒரு வீட்டில் ஏற்பாடு. அரிசிம்பருப்புச் சாதம் நெய்யோடு, கொள்ளு ரசம், நாட்டுக்கோழி வறுவல், தயிர். இந்தப் பயணத்திலேயே குறை சொல்ல இடமில்லாத ஒரே மணி நேரம். ஆனால் அங்கே இருந்துகொண்டே நாகமலை இசைக் கல்வெட்டைக் காட்டாமல் வந்துவிட்டார்கள். பழைய தமிழி எழுத்தில் தாளக்கட்டைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள், பக்கவாட்டில் படித்தாலும் மேலிருந்து கீழே படித்தாலும் ஒன்றே வரும். கேட்டால் அது லிஸ்டில் இல்லை. சின்னமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான், அதற்காக வாசல் வரை வந்து விட்டுவிடுவதா? அதை விட்டுவிட்டு நொய்யல் கரைக்குப் போய்ப் பதினைந்து நிமிசம் நின்றோம். திவான் அனுப்பிய படையைச் சின்னமலை தோற்கடித்தது இந்த ஆற்றங்கரையில். திருப்பூருக்குக் கீழே நொய்யல் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அங்கிருந்து திரும்பி ஈரோட்டையும் காவிரியையும் தாண்டி, பள்ளிபாளையம் வழியாகச் சங்ககிரி போய்ச் சேரும்போது மணி மூன்றாகப் போகிறது. இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. மலைக்கோட்டையை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்திலா ஏற வைப்பது? காலை ஏழு மணிக்கு அங்கே போய்விட்டுப் பத்தரைக்கு இறங்கி, அப்புறம் சமதளத்துக்குப் போனால் என்ன? கையில் கொடுத்ததோ ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மேலே போனால் குடிக்கத் தண்ணீர் தேட முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா இரண்டாவது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், டிரைவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். தங்கமான மனுசன், தன் பாட்டிலையும் அப்பாவுக்கே கொடுத்திருக்கிறார்.

நாங்கள் ஏறினோம். வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல், சுவரைத் தாண்டினால் இன்னொரு சுவர். மற்ற பக்கமெல்லாம் செங்குத்து, ஏறுவதற்கு ஒரே பக்கம்தான். விஜயநகர காலத்தில் தொடங்கிய கோட்டை, அப்புறம் மைசூர், அப்புறம் கம்பெனி என்று கை மாறியது. ஒரு வாசல் நிழலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கைப்பிடி ஆட்கள் பெரிய படையைத் தடுத்து நிற்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஓர் இடம் இந்தச் சீமையில் உண்டு என்றால் அது இந்த மலைதான், ஆனால் அது எதிரி கையில் இருந்தது. சேலத்துப் பக்கம் 1792லேயே கம்பெனிக்குப் போய்விட்டது, 1799க்கு அப்புறம் காவிரிக்கு ஈரோட்டுப் பக்கமும் அவர்களுடையது. கல்லும் மலையும் அவர்களுக்கு, சமதளமும் கிளுவை வேலியும் இவருக்கு. படையெடுத்து வந்தவன் கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறான், ஊர்க்காரன் வெட்ட வெளியில் நிற்கிறான். ஓடாநிலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான் இது புரியும், அந்த ஒரு விதத்தில் இவர்கள் போட்ட வரிசை சரிதான் என்று ஒத்துக்கொள்கிறேன், வெயில்தான் தப்பு.

1805 ஜூலை 31ல் தம்பிகளோடு சேர்த்துத் தூக்கிலிட்ட கதையைச் சொல்லும்போது வழிகாட்டி குரலை ஏற்றவே இல்லை. கம்பெனி ஆட்சியை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார்கள், தூக்கில் போட்டார்கள், மூன்றே வரி. அன்றைக்கு ஆடிப்பெருக்கு என்பார்கள், இப்போதும் ஆடி 18 அன்று அரசு விழா எடுப்பதும் அதனால்தான். கல்லூரிப் பையன்கள் கூடச் செல்பி எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். காலையில் இருந்து அவர் இப்படியே பேசியிருக்கலாமே என்று நினைத்தேன்.

இறங்கும்போதுதான் மகள் போனை எடுத்து, "அண்ணா, காலையில 5,000 சொன்னீங்க, இப்ப 50,000 சொல்றீங்க, நான் எதைங்க எழுதறது?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "ஒரு வேகத்துல வந்துருச்சு அம்மிணி." பின்னால் வந்த சாப்ட்வேர் தம்பி போனில் தேடிவிட்டு, 50,000 என்பது 1799ல் சீரங்கப்பட்டணத்தைச் சுற்றி நின்ற படையின் கணக்கு, நிஜாம் ஆட்களையும் சேர்த்து, என்று காட்டினார். அந்தப் படை மொத்தமும் நொய்யல் கரைக்கு வந்திருந்தால் அதற்குச் சோறு போடவே இந்தச் சீமையில் கம்பு விளைந்திருக்காது என்று அப்பா கீழே இருந்து கணக்குச் சொன்னார்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 3. சாப்பாட்டுக்கும் டிரைவருக்கும் சென்னிமலை கை காட்டலுக்கும் பொல்லானுக்கும் கொடுத்தது அந்த 3. பணம் கட்டும் முன்னால் சங்ககிரி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், மதியம் என்றால் வேறு நாள் பாருங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பியும் நல்ல செருப்பும் அவசியம். முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழேயே விட்டுவிடுங்கள்.

போன வாரம் வழிகாட்டி கூப்பிட்டார். மலையைக் காலைக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறார்களாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடாநிலைக்கு அப்பாவை அனுப்பினால் அந்த இட்டேரி விசயத்தை அவரே பேசட்டும், காசு வேண்டாம் என்றார். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முன் சீட்டு குடுப்பாங்களான்னு கேளு" என்றார்.